அண்ணா யுனிவர்சிட்டிக்குள்ள காலேஜ் மாறுறது: டிசி முதல்லயா, ஆர்டர் முதல்லயா?

வெள்ளலூர்_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி பொண்ணுக்காகக் கேக்கறேன். நாமக்கல் பக்கம் ஒரு செல்ஃப் பைனான்ஸ் காலேஜ், இசிஇ. 2024ல கவுன்சிலிங் மூலமா கவர்ன்மென்ட் கோட்டாவுல சேர்ந்தா. நாலாவது செமஸ்டர் முடியப்போகுது. அவ அப்பாவுக்குக் கோயமுத்தூருக்கு மாத்தலாயிடுச்சு, குடும்பமே இங்க வந்தாச்சு. அஞ்சாவது செமஸ்டர்ல இருந்து இங்கயே ஒரு காலேஜ்ல போடலாம்னு பாக்கறோம். ரெண்டு காலேஜுமே அண்ணா யுனிவர்சிட்டிதான், ரெண்டும் அட்டானமஸ் (தன்னாட்சி) இல்ல. மேக்ஸ்ல ஒரு அரியர் நிக்குது, எம்ஏ3355. இங்க ஒரு காலேஜ் ஆபீஸ்ல, "அங்க டிசி வாங்கிட்டு வாங்க, சீட் போட்டுக்கலாம்"னு சொல்றாங்க. அப்படியே செஞ்சிடலாமா? முதல்ல எந்த வாசல்ல போய் நிக்கணும்?

கோப்புக்கட்டு:
அம்மா, டிசியை இப்போதைக்குத் தொடாதீர்கள். இந்த விஷயத்தில் கெட்டுப்போகிற கேஸ்களில் பெரும்பாலானவை அங்கேதான் கெடுகின்றன.

டிசி கையில் வந்துவிட்டால் பழைய கல்லூரியின் பதிவேட்டில் அந்தப் பெண் "படிப்பை நிறுத்தியவர்". அதற்குப் பிறகு நீங்கள் கேட்பது இடமாற்றம் ஆகாது. இடைநின்ற மாணவருக்கு மறுசேர்க்கை என்று ஆகிவிடும். அதற்குத் தனி விண்ணப்பம், தனி அனுமதி, தனித் தாமதம். இங்கே ஆபீஸில் சொன்னவர் முதலாண்டு அட்மிஷன் பழக்கத்தில் சொல்லியிருப்பார். பிளஸ் டூ முடித்து வருகிறவர் டிசியோடு வருவது சரி. நடுவில் மாறுகிறவருக்கு வரிசை தலைகீழ்.

அதே பல்கலைக்கழகம் என்பதால் இரண்டு பிரின்சிபல்களும் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். இடமாற்ற ஆணை தருவது கிண்டியில் இருக்கிற தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். பாடங்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டியிருந்தால் அது பல்கலைக்கழகத்தின் வேலை. கல்லூரிகள் கொடுப்பது தடையில்லாச் சான்று (என்ஓசி) மட்டும்.

ஆக, முதலில் சேரப்போகிற கல்லூரியில் எழுத்து மூலமாக "இந்தப் பிரிவில், இந்த ஆண்டில், காலியிடம் உள்ளது, சேர்த்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை" என்று வாங்க வேண்டும். அதைக் காட்டிப் பழைய கல்லூரியில் என்ஓசி. இரண்டும் சேர்ந்த பிறகு இயக்ககத்துக்கு விண்ணப்பம். ஆணை வந்த பிறகு அந்த ஆணையின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு டிசி கேட்க வேண்டும். டிசியில் "வெளியேறிய காரணம்" என்ற கட்டத்தில் இடமாற்றம் என்றும் ஆணை எண்ணும் இருக்கிறதா என்று கவுன்டரிலேயே நின்று படித்துவிட்டு நகருங்கள். "சொந்தக் காரணம்" என்று போட்டுக் கொடுத்திருந்தால் அப்போதே திருத்தி வாங்குங்கள்.

சும்மா_வந்தேன்:
இவ்ளோ சுத்து எதுக்கு? மேனேஜ்மென்ட்ல ஒரு அமவுண்ட் தள்ளுனா நாளைக்கே கிளாஸ்ல உக்கார வச்சிடுவாங்க. தமிழ்நாட்டுல நெறைய சீட் காலியாத்தான் கெடக்கு.

கோப்புக்கட்டு:
உட்கார வைப்பார்கள், அதில் சந்தேகமே இல்லை. நவம்பரில் ஹால் டிக்கெட் யார் தருவார்கள்?

அட்டானமஸ் அல்லாத கல்லூரியில் வருகைப் பதிவும் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் பல்கலைக்கழகத் தேர்வுத் துறையின் போர்ட்டலில், குறித்த காலக்கெடுவுக்குள் ஏற்றப்படுகின்றன. அந்தப் பெயர் அந்தக் கல்லூரியின் பட்டியலில் இருந்தால்தான் ஏற்ற முடியும். ஆணை இல்லாமல் பெயர் பட்டியலுக்கு வராது. பெயர் வராவிட்டால் வருகை இல்லை, இன்டர்னல் இல்லை, தேர்வுப் பதிவும் இல்லை. "ஆர்டர் வந்துடும், நீ கிளாஸுக்கு வா" என்று வாய்ச்சொல்லில் சேர்த்துக்கொண்டு, செமஸ்டர் போன பின் கையை விரித்தால் பணத்தையும் கேட்க முடியாது, காலத்தையும் கேட்க முடியாது.

கிரெடிட்_கணக்கு:
கோப்புக்கட்டு சார் சொன்னதோட ஒரு கணக்கைச் சேர்க்கறேன். இந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷம் நழுவினா என்ன ஆகும்னு பாருங்க.

2024ல சேர்ந்தவங்களுக்கு ரெகுலேஷன் 2021, அதாவது பல்கலைக்கழகத்தோட 2021 விதிமுறையும் பாடத்திட்டமும். 2025-26ல சேர்ந்த பேட்ச்ல இருந்து ரெகுலேஷன் 2025 வந்தாச்சு. இவ 2026ல நேரா அஞ்சாவது செமஸ்டருக்குப் போனா தன் பேட்சோட, அதே 2021 பாடத்திட்டத்துல போறா. டிசி வாங்கி, அனுமதி இழுத்து, ஒரு வருஷம் போச்சுன்னா 2027ல அஞ்சாவது செமஸ்டர்ல இருக்கறது 2025 பேட்ச். மறுசேர்க்கை ஆகறவங்க எந்த பேட்சோட சேர்றாங்களோ அந்த பேட்ச்சோட விதிமுறைக்குக் கீழ வருவாங்க. அப்போ முதல் நாலு செமஸ்டர்ல ஜூனியர் படிச்சு இவ படிக்காத பாடம் எல்லாம் கூடுதல் பாடமா தலையில விழும். ஒரு வருஷம் போறது மட்டும் இல்ல, அஞ்சாவது, ஆறாவது செமஸ்டர் ரெண்டும் இரட்டைச் சுமை ஆயிடும்.

அதனால இந்த பேட்சுக்கு இந்த வருஷம் டிசி விஷயத்துல வழக்கத்தை விட ரெண்டு மடங்கு ஜாக்கிரதை வேணும்.

வெள்ளலூர்_அக்கா:
ஐயோ, நல்லவேளை கேட்டேன். தங்கச்சி வீட்டுக்காரர் நாளைக்கு நாமக்கல் கிளம்பறதா இருந்தார், நிறுத்திட்டேன். சரி, "காலியிடம் இருக்கு"ன்னு அவங்க சொல்றதை எப்படி நம்பறது? அரியர் இருந்தா குடுப்பாங்களா?

கிரெடிட்_கணக்கு:
காலியிடத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பாக்கலாம். ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அந்தப் பிரிவுக்குக் குடுத்த அனுமதி எண்ணிக்கை எவ்ளோன்னு கேளுங்க, 60ன்னு வைங்க. முதல் வருஷம் 52 பேர் சேர்ந்திருந்தா 8 காலின்னு தோணும். ஆனா டிப்ளமா முடிச்சவங்க ரெண்டாம் வருஷத்துல லேட்டரல் என்ட்ரியில வருவாங்க. அவங்களுக்கு அனுமதி எண்ணிக்கைக்கு மேல 10 சதவீதம், அதாவது 6 இடம் தனியா உண்டு. அதுபோக முதல் வருஷத்துல நிரம்பாத 8 இடத்துலயும் அவங்களைச் சேர்க்கலாம். அந்த எட்டும் நிரம்பியிருந்தா ஆபீஸ்ல இருக்கற பழைய லிஸ்ட்டைப் பாத்து "எட்டு இடம் இருக்கு"ன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல.

அதனால கேக்க வேண்டிய கேள்வி: "இப்போ நாலாவது செமஸ்டர் இசிஇயில ரோல்ல எத்தனை பேர், அதுல லேட்டரல் எத்தனை பேர்?" இதுக்கு ஹெச்ஓடி உடனே பதில் சொல்லிடுவார். அட்மிஷன் கவுன்டர்ல கேட்டா சுத்தி விடுவாங்க.

இன்னொண்ணு. பிரிவு ஒண்ணாவே இருக்கணும். இசிஇக்கு இசிஇ. கம்ப்யூட்டர் பக்கம் மாறுறவங்க இதுல ரொம்பக் குழம்பறாங்க: சிஎஸ்இ வேற, சிஎஸ்இ (ஏஐ அண்ட் எம்எல்) வேற, ஐடி வேற, ஏஐ அண்ட் டிஎஸ் வேற. சிஎஸ்இ பி.இ., ஏஐ அண்ட் டிஎஸ் பி.டெக். பேர் கிட்டத்தட்ட ஒண்ணுதானேன்னு விண்ணப்பத்துல போட்டா அங்கயே நிக்கும். காலேஜையும் பிரிவையும் ஒரே அடியில மாத்தற ஆசையை விட்டுடுங்க.

அரியர் பத்தி: ரெண்டுமே அட்டானமஸ் இல்லாததால அந்த எம்ஏ3355 தாள் ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான், அதே குறியீடு, தேர்வு நடத்தறதும் அதே துறை. அதனால பாட அளவுல சிக்கல் இல்ல, புதுக் காலேஜ்ல இருந்தே எழுதலாம். சிக்கல் வேற இடத்துல. சேத்துக்கற காலேஜுக்குத் தன்னோட தேர்ச்சி சதவீதம் முக்கியம். மார்க் ஷீட்டைப் பாத்து அரியரோட வர்ற பிள்ளையை வேணாம்னு சொல்ல அவங்களால முடியும். ரிசல்ட் வந்ததும் தேறலைன்னா விடைத்தாள் நகல் வாங்கி, பாடம் எடுத்த ஆசிரியர்கிட்ட காட்டி, மார்க் ஏறும்னு அவர் சொன்னா மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் போங்க. நகல் வாங்காம மறுமதிப்பீடு கேக்க வழி இல்ல, தேதியும் குறுகலா இருக்கும்.

கோப்புக்கட்டு:
இடமாற்றத்துக்கான நிபந்தனைகள் அந்தந்த ஆண்டு இயக்ககம் வெளியிடுகிற அறிவிப்பில் இருக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்தே இயக்ககத்தின் இணையதளத்தைப் பார்த்துவாருங்கள். விண்ணப்பக் காலம் நீளமானதல்ல. தேர்வு முடிவு வந்த பிறகு ஓட ஆரம்பிப்பவர்கள் பிந்திவிடுகிறார்கள். முடிவுக்குக் காத்திராமல் மற்ற காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்.

காகிதங்கள் என்று நான் சொல்வது: கவுன்சிலிங் ஒதுக்கீட்டு ஆணை, இதுவரையிலான எல்லாச் செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், பத்து, பன்னிரண்டு மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, பழைய கல்லூரியின் போனஃபைட் (அங்கே படிக்கிறார் என்ற சான்று), இரண்டு தடையில்லாச் சான்றுகள், காலியிடச் சான்று. இவற்றோடு காரணத்துக்கான ஆதாரம். உங்களுக்கு அது வலுவாகவே இருக்கிறது: தந்தையின் பணிமாற்ற ஆணை, கோவையில் பணியேற்ற தேதி காட்டும் கடிதம், புது முகவரிக்கு ஒரு சான்று. "நல்ல கல்லூரி வேண்டும்" என்று எழுதினால் ஃபைல் நகராது. "குடும்பம் இடம் பெயர்ந்தது" என்று ஆணை நகலோடு எழுதினால் படிப்பார்கள். மருத்துவக் காரணம் என்றால் அரசு மருத்துவமனைச் சான்று வையுங்கள்.

ஒதுக்கீட்டு ஆணையைத் தொலைத்தவர்கள் பலர். கவர்ன்மென்ட் கோட்டாவில் சேர்ந்ததற்கு அதுதான் ஆதாரம். போகும் இடத்தில் கவர்ன்மென்ட் கோட்டா இடமா, மேனேஜ்மென்ட் இடமா என்பதை என்ஓசியிலேயே எழுதச் சொல்லுங்கள். 2017இல் கட்டணக் குழு நிர்ணயித்தபடி பார்த்தால் கவர்ன்மென்ட் கோட்டாவுக்கு ஆண்டுக்கு 50,000, என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000. மேனேஜ்மென்டுக்கு 85,000, 87,000. வாயால் "கவர்ன்மென்ட் ஃபீஸ்தான்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டு ரசீதில் வேறு கணக்குப் போடுவது புதிதல்ல.

மலைக்கோட்டை_பையன்:
இதையே அட்டானமஸ் காலேஜ்ல இருந்து செய்யணும்னா? நான் திருச்சிப் பக்கம் ஒரு அட்டானமஸ்ல ரெண்டாம் வருஷம் இஇஇ. டிகிரி குடுக்கறது அண்ணா யுனிவர்சிட்டிதானே, அப்போ ஒண்ணுதானே அண்ணா?

கிரெடிட்_கணக்கு:
தம்பி, டிகிரி ஒண்ணு, பாடத்திட்டம் வேற. பிஎஸ்ஜி டெக், கோவை ஜிசிடி, மதுரை தியாகராஜர் மாதிரி அட்டானமஸ் காலேஜ்கள் பாடத்திட்டம், கேள்வித்தாள், மதிப்பீடு எல்லாம் தாங்களே பாத்துக்கறாங்க. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தோடது. நீ வெளிய வந்தா உன் நாலு செமஸ்டர் பாடத்தையும் புதுக் காலேஜோட நாலு செமஸ்டர் பாடத்தோட வரிக்கு வரி ஒப்பிட்டு, பல்கலைக்கழகத்துல சமன்பாடு (ஈக்விவலன்ஸ், இந்தப் பாடம் அந்தப் பாடத்துக்கு ஈடுன்னு சொல்ற ஆணை) வாங்கணும். சிஏசின்னு சொல்ற கல்விப் பிரிவுதான் இதைப் பாக்கும். விண்ணப்பம் சேரப்போற காலேஜ் வழியா போகணும், பழைய காலேஜோட முத்திரை போட்ட சிலபஸ் நகல் மொத்தமும் கூட வைக்கணும். வெறும் பாடத் தலைப்பு அட்டவணையை அனுப்பினா திருப்பி அனுப்புவாங்க; யூனிட் வாரியா சிலபஸ் வேணும்.

எங்க உதைக்கும்னா, வரிசை மாறி இருக்கற இடத்துல. இசிஇயை எடுத்துக்கோ. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துல சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் ரெண்டும் மூணாவது செமஸ்டர்லயே வந்துடும். ஒரு அட்டானமஸ் காலேஜ்ல கன்ட்ரோலை அஞ்சாவதுல வச்சிருந்தா, நீ நாலு முடிச்சு மாறினா அது படிக்காத பாடம். அஞ்சாவது செமஸ்டரோட சேத்துக் கூடுதலா எழுதணும். அதேமாதிரி நீ அங்க ஏற்கெனவே முடிச்ச ஒரு பாடம் இங்க ஆறாவதுல வரும்; அதுக்கு விலக்கு கிடைக்குமாங்கறது சமன்பாட்டு ஆணையில இருந்தாத்தான்.

சின்னப் பாடங்களை மறந்துடாதே. தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும்னு முதல் ரெண்டு செமஸ்டர்ல ஒவ்வொரு கிரெடிட் பாடம் இருக்கு, ஜிஇ3152, ஜிஇ3252. உன் காலேஜ்ல வேற குறியீட்டுல, வேற செமஸ்டர்ல இருக்கலாம். சுற்றுச்சூழல் பாடம் ஒரு இடத்துல கிரெடிட்டோட, இன்னொரு இடத்துல கிரெடிட் இல்லாத கட்டாயப் பாடமா இருக்கும். இந்த ஒரு கிரெடிட், ரெண்டு கிரெடிட் விவகாரத்தைக் கடைசி செமஸ்டர்ல கண்டுபிடிச்சா டிகிரி நிக்கும்.

மலைக்கோட்டை_பையன்:
அரியர்?

கிரெடிட்_கணக்கு:
அட்டானமஸ்ல வச்ச அரியர் அந்தக் காலேஜ் தேர்வுத் துறையோடது. அதை எழுதி முடிச்சிட்டுக் கிளம்பு. வெளிய வந்த பிறகு அங்க போய் எழுத முடியுமா, இங்க அதுக்கு ஈடா எதை எழுதறதுன்னு மாட்டிக்காதே. அட்டானமஸ்ல இருந்து இன்னொரு அட்டானமஸுக்குப் போறது இன்னும் கடினம், ரெண்டு பக்கமும் தனிப் பாடத்திட்டம். என் அபிப்பிராயம்: அட்டானமஸ்ல இருந்து மாறுறதா இருந்தா மூணாவது செமஸ்டர் தொடக்கத்துல மாறு. முதல் வருஷம் கணக்கு, இயற்பியல், வேதியியல், பைத்தான், கிராபிக்ஸ்னு எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும், விடுபடுற பாடம் குறைவு. நீ ரெண்டாம் வருஷம் முடிக்கிற நிலையில இருந்தா, விடுபட்ட பாடம் எத்தனைன்னு கணக்குப் போட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணு. மூணுக்கு மேல போனா அங்கயே முடிச்சிடறது புத்திசாலித்தனம்.

அரசலாற்றங்கரை:
சிஇஜி, எம்ஐடிக்கு இப்படி மாற முடியுமா? கட் ஆஃப் ரெண்டு மார்க்ல போச்சு.

கோப்புக்கட்டு:
சிஇஜி, எம்ஐடி, ஏசி டெக், கட்டடக்கலைப் பள்ளி நான்கும் பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகள். அவற்றுக்குத் தனி விதிமுறை, தனிப் பாடத்திட்டம். இணைப்புக் கல்லூரியிலிருந்து அங்கே போவதை ஒரு திட்டமாக வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். தனியாரிலிருந்து அரசுக் கல்லூரிக்கு என்ற எண்ணமும் அப்படித்தான். நீங்கள் கேட்கிற மாற்றம் நடக்கிற இடம் கவுன்சிலிங். ஒதுக்கீடு வரும்போது "ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மேலே கிடைத்தால் மாறுகிறேன்" என்கிற அப்வேர்டு வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் வரிசையில் மேலே போட்ட கல்லூரி காலியானால் தானாக அங்கே நகர்த்துவார்கள். அந்தச் சமயத்தில் "ஏற்றுக்கொண்டு சேர்கிறேன்" என்று அழுத்திவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் அதிகம்.

அப்படியே இன்னொன்று: விஐடி, எஸ்ஆர்எம், சாஸ்த்ரா போன்றவை தனிப் பல்கலைக்கழகங்கள். அங்கிருந்து வருவது இந்த இழையின் விஷயமே இல்லை. அது பல்கலைக்கழகம் விட்டுப் பல்கலைக்கழகம். மைக்ரேஷன் சான்று (வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவருக்குப் பழைய பல்கலைக்கழகம் தரும் சான்று) கேட்பது அந்த மாதிரி மாற்றத்துக்குத்தான். ஒரே பல்கலைக்கழகத்துக்குள் மாறுகிறவரிடம் சில கல்லூரி அலுவலகங்கள் பழக்கதோஷத்தில் மைக்ரேஷன் கேட்கும். தேவையில்லை என்று சொல்லுங்கள்.

வெள்ளலூர்_அக்கா:
நாமக்கல் காலேஜ்ல போன்ல கேட்டோம். "மீதி ரெண்டு வருஷ ஃபீஸையும் கட்டினாத்தான் என்ஓசி, சர்டிபிகேட் எல்லாம் தருவோம்"ங்கறாங்க. ஒரிஜினல் பத்தாவது, பன்னெண்டாவது மார்க் ஷீட் எல்லாம் அவங்ககிட்டதான் இருக்கு.

கோப்புக்கட்டு:
எதிர்பார்த்ததுதான். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துவிட்டு மாணவரிடமே திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அக்டோபர் அறிவிப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதே அறிவிப்பில், படிக்கப்போகிற செமஸ்டருக்கு அல்லது ஆண்டுக்கு மட்டுமே முன்கூட்டிக் கட்டணம் வாங்கலாம், முழுப் படிப்புக்கும் வாங்கக் கூடாது என்றும் இருக்கிறது. படிக்காத மூன்றாம், நான்காம் ஆண்டுக்குக் கட்டணம் கேட்க அவர்களுக்கு இடமில்லை. இரண்டாம் ஆண்டு வரை பாக்கி இருந்தால் அதைக் கட்டிவிடுங்கள். அந்தப் பாக்கியை வைத்துக்கொண்டு சட்டம் பேசினால் எடுபடாது.

போனில் பேசுவதை நிறுத்துங்கள். பிரின்சிபல் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம்: மாணவி பெயர், பதிவு எண், காரணம், கேட்பது என்ன, இணைப்புகள். அலுவலகத்தில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட். ஒரு வாரம் பொறுத்து நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் இரண்டு கடிதங்களின் நகலோடு இயக்ககத்துக்கு மனு. எழுதும் தொனி பணிவாகவே இருக்கட்டும். டிசி, நடத்தைச் சான்று, உள்மதிப்பெண் கடிதம் எல்லாம் அதே அலுவலகத்திலிருந்துதான் வர வேண்டும். முதல் கடிதத்திலேயே யுஜிசி என்று ஆரம்பிக்காதீர்கள். இரண்டாவதில் வைத்துக்கொள்ளலாம்.

காரணம் ராகிங்காக இருந்தால் மட்டும் இந்தப் பொறுமை வேண்டாம். 1800-180-5522 என்ற எண்ணில் புகார் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணையே விண்ணப்பத்தில் ஆதாரமாக வையுங்கள்.

நோட்டுப்பாஸ்:
கல்விக் கடன் வாங்கி இருந்தா பேங்க் பக்கமும் ஒரு வேலை இருக்கு. கடன் அனுமதிக் கடிதத்துல காலேஜ் பேரும் வருஷ வாரிக் கட்டண அட்டவணையும் இருக்கும். அந்தப் பேருக்குத்தான் பணம் போகும். இடமாற்ற ஆணை, புதுக் காலேஜ் போனஃபைட், புதுக் கட்டண அட்டவணை மூணையும் குடுத்து அனுமதியைத் திருத்தி வாங்கணும். இதை விட்டுட்டா ஜூலையில தவணை பழைய காலேஜ் கணக்குக்குப் போய் உக்காந்துக்கும், அங்க இருந்து திரும்ப வாங்கறது பெரிய பாடு. ஆணை வர்றதுக்கு முன்னாடியே பேங்குக்கு "அடுத்த தவணையை நிறுத்தி வைங்க"ன்னு ஒரு கடிதம் குடுத்துடுங்க.

ஹாஸ்டல்ல இருந்து டேஸ்காலரா மாறுறதால அந்தச் செலவு குறையும். 4 லட்சத்துக்குள்ள இருக்கற கடனுக்கு நம்ம பங்குத் தொகை (நாம கையில இருந்து போட வேண்டிய மார்ஜின்) கிடையாது. அந்த எல்லையைத் தாண்டி வாங்கியிருந்து இப்போ மொத்தத் தேவை குறைஞ்சா அதையும் சேத்து மாத்தச் சொல்லுங்க.

தாமிரபரணி:
7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர் மாறினால் அந்தச் சலுகை தொடருமா? புதுமைப்பெண் ஆயிரம் ரூபாய்?

கோப்புக்கட்டு:
7.5 சதவீதத்தில் கட்டணம், விடுதி எல்லாம் அரசு கல்லூரிக்குக் கொடுக்கிறது. மாணவர் கையில் வருவதில்லை. ஆகவே ஆணையில் அவர் எந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும், புதுக் கல்லூரியும் அதே வகையில் அவர் பெயரை அனுப்ப வேண்டும். அந்த உறுதி எழுத்தில் கிடைக்காமல் இந்த மாணவர்கள் மாற வேண்டாம் என்பது என் கருத்து. இழப்பது லட்சக்கணக்கில்.

புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன், மற்ற உதவித்தொகைகள் எல்லாம் யுஎம்ஐஎஸ் (உயர்கல்வி மாணவர்களுக்கான அரசின் இணையப் பதிவேடு) பதிவைப் பார்த்து நடக்கின்றன. பழைய கல்லூரி அங்கே "இடைநின்றவர்" என்று குறித்துவிட்டால் மாதாந்திரத் தொகை நின்றுவிடும். பழைய கல்லூரி விடுவித்து, புதுக் கல்லூரி அதே யுஎம்ஐஎஸ் எண்ணில் ஏற்றிக்கொள்ள வேண்டும். புதிதாக இன்னொரு எண் போட்டுவிட்டால் ஆதார் இரட்டிப்பு என்று மாட்டிக்கொள்ளும். டிசி வாங்குகிற அதே நாளில் யுஎம்ஐஎஸ் பார்க்கிற ஊழியர் யார் என்று கேட்டு, அவரிடம் திரையில் காட்டச் சொல்லுங்கள்.

கிரெடிட்_கணக்கு:
யுஎம்ஐஎஸ் மாதிரியே அரசோட திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் போர்ட்டலும். அந்தப் பாடங்களுக்குச் சில செமஸ்டர்ல கிரெடிட் உண்டு, மதிப்பெண் அந்த போர்ட்டல் வழியாத்தான் வருது. காலேஜ் பேர் மாறலைன்னா மார்க் பழைய காலேஜ் கணக்குல தொங்கும்.

வெள்ளலூர்_அக்கா:
ஆர்டர் வர்றதுக்குள்ள அஞ்சாவது செமஸ்டர் கிளாஸ் ஆரம்பிச்சுட்டா அவ எங்க போறது? வீட்டுல இருக்கலாமா?

கிரெடிட்_கணக்கு:
வீட்டுல இருக்கக் கூடாது. ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் நாமக்கல்லதான் கிளாஸுக்குப் போகணும். இதுதான் ரொம்பப் பேர் சறுக்கற இடம், அதனால விளக்கமா சொல்றேன்.

தேர்வு எழுத 75 சதவீத வருகை வேணும். 65க்கும் 75க்கும் நடுவுல இருந்தா மருத்துவச் சான்று மாதிரி காரணத்தோட விலக்குக் கேக்கலாம், 65க்குக் கீழ போனா அந்த செமஸ்டரே போச்சு. ஒரு செமஸ்டர்ல நாலு வாரம் எங்கயும் போகாம இருந்தா மீதி நாள் முழுக்க வந்தாக்கூட 75 இழுபறிதான். நடுவுல மாறினா ரெண்டு காலேஜ் வருகையையும் சேத்துக் கணக்கிட அனுமதி கேக்கணும். அதுக்கு நாமக்கல் காலேஜ்ல இருந்து பாடவாரியா நடந்த வகுப்பு எத்தனை, வந்தது எத்தனைன்னு ஹெச்ஓடி, பிரின்சிபல் கையெழுத்தோட கடிதம் வேணும். "வருகை 90 சதவீதம்"னு மொத்தமா எழுதிக் குடுத்தா பிரயோஜனம் இல்ல, பாடவாரியா எண்ணிக்கை வேணும்.

இன்டர்னலும் அப்படித்தான். ரெகுலேஷன் 2021ல தியரிக்கு உள்மதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60. அந்த 40 ரெண்டு மதிப்பீட்டுல இருந்து வருது. ஒவ்வொண்ணும் 100க்கு: எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட், செமினார், மினி புராஜெக்ட் மாதிரி விஷயத்துக்கு 40. முதல் மதிப்பீடு முடிஞ்சு மாறினா அந்த மார்க்கையும் கடிதத்துல வாங்கிட்டு வரணும்.

இப்போ இசிஇ அஞ்சாவது செமஸ்டரைப் பாருங்க. வயர்லெஸ், விஎல்எஸ்ஐ, டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் மூணும் எல்லா இடத்துலயும் ஒண்ணு, மார்க் பிரச்சினை இல்லாம வரும். ஆனா அதே செமஸ்டர்லதான் மூணு எலெக்டிவ் ஆரம்பிக்குது. எலெக்டிவ் பட்டியல் பொதுவானதா இருந்தாலும் எதை நடத்தறதுன்னு அந்தந்தக் காலேஜ் ஆள் பலத்தைப் பாத்து முடிவு பண்ணும். நாமக்கல்ல ஒரு எலெக்டிவ்ல முதல் மதிப்பீடு எழுதிட்டு வந்தா, கோயமுத்தூர்ல அது நடக்கவே இல்லைன்னா அந்த மார்க் பயன்படாது. புது எலெக்டிவ்ல பாதியில ஏறணும். அதனால இப்பவே கோயமுத்தூர் காலேஜ்ல அஞ்சாவதுல எந்த எலெக்டிவ் நடத்தப்போறாங்கன்னு கேட்டு, பொண்ணு நாமக்கல்ல அதையே எடுக்கட்டும். மூணாவது பொருந்தலைன்னாலும் ரெண்டு பொருந்தினா போதும், சமாளிச்சிடலாம்.

ஆனர்ஸ் (கூடுதல் பாடம் படிச்சு வாங்கற சிறப்புப் பட்டம்) எடுக்கற எண்ணம் இருந்தா இன்னும் ஒண்ணு. அதுக்கு 18 கிரெடிட் கூடுதலா, அஞ்சாவது செமஸ்டர்ல இருந்து. அந்தப் பாடங்களைப் புதுக் காலேஜ் நடத்துதான்னு பாருங்க. அரியர் இருக்கறதால இந்தப் பொண்ணுக்கு இது வேணாம்னே சொல்லுவேன்.

சும்மா_வந்தேன்:
சரி சார், வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஏழாவது செமஸ்டர்ல மாறலாமா? ஃப்ரெண்டு ஒருத்தன் கேக்கறான்.

கிரெடிட்_கணக்கு:
எதுக்கு? எட்டாவது செமஸ்டர்ல புராஜெக்ட்தான் பெரிசு, 10 கிரெடிட். மிச்சம் இருக்கறது ஒரு செமஸ்டர் வகுப்பு. அதுக்குள்ள மாறினா புதுக் காலேஜ்ல பிளேஸ்மென்ட் பதிவுக்கு உன் ஃப்ரெண்டு பேரைச் சேர்ப்பாங்களான்னே நிச்சயம் இல்ல, பழைய காலேஜ்ல எடுத்துடுவாங்க. தினமும் பஸ்ல போயிட்டு வந்து முடிக்கச் சொல்லு.

கொள்ளிடம்_கரை:
ஆர்ட்ஸ் காலேஜுக்கும் இதே மாதிரியா? பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்குள்ள பி.எஸ்சி. இயற்பியல், ஒரு காலேஜ்ல இருந்து இன்னொண்ணுக்கு.

கோப்புக்கட்டு:
அங்கே தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வராது. அரசு, உதவிபெறும் கல்லூரிகள் கல்லூரிக் கல்வி இயக்ககத்தின் கீழ். வரிசை மட்டும் அதேதான்: காலியிடம், இரு தரப்பு என்ஓசி, பல்கலைக்கழக அனுமதி, பிறகு டிசி. பாடத்தில் பார்க்க வேண்டியது துணைப்பாடம். இயற்பியலுக்கு ஒரு கல்லூரியில் முதலாண்டு கணிதமும் இரண்டாம் ஆண்டு வேதியியலும் துணைப்பாடமாக இருக்கும். இன்னொன்றில் இது தலைகீழ். அப்படி இருந்தால் ஒன்றை இரண்டு முறை படித்து, மற்றொன்றைத் தவறவிடுவீர்கள். முதல் பகுதி மொழிப்பாடத்தில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு, இந்தி எடுத்தவர்கள், போகிற கல்லூரியில் அந்த மொழிக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். சிறிய கல்லூரிகளில் இருக்காது.

வெள்ளலூர்_அக்கா:
கோயமுத்தூர் காலேஜ் ஹெச்ஓடியைப் பாத்தோம். அனுமதி 60, இப்போ ரோல்ல 57, அதுல லேட்டரல் 4 பேர்னு சொன்னார். இடம் இருக்குன்னுதானே அர்த்தம்? என்ஓசி பிரின்சிபல்தான் தரணுமாம், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கார்.

கிரெடிட்_கணக்கு:
57ன்னாலே 60க்குக் கீழதான், இருக்கு. அந்த லேட்டரல் 4 பேரும் கூடுதல் 10 சதவீதத்துல வந்தவங்கன்னா இன்னும் தாராளம். திங்கட்கிழமை போறப்போ எலெக்டிவ் பட்டியலையும் அவர்கிட்டயே வாங்கிடுங்க.

கோப்புக்கட்டு:
என்ஓசியில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: பிரிவு, "ஐந்தாம் செமஸ்டர்" என்ற சொல், கவர்ன்மென்ட் கோட்டா என்பது, தேதியோடு கல்லூரி முத்திரை. "சேர்த்துக்கொள்ளப் பரிசீலிப்போம்" என்று எழுதியிருந்தால் வாங்காமல் திரும்புங்கள். அதை வைத்து நாமக்கல்லில் ஒன்றும் கேட்க முடியாது. இரண்டு ஒரிஜினலாக வாங்குங்கள், ஒன்று நாமக்கல்லுக்கு, ஒன்று கிண்டிக்கு.